யெஸ் சொன்னது நான்தான்

அந்தப் பதிவில் என் குரல் நன்றாகத்தான் கேட்கிறது. இரைச்சல் இல்லை, திணறல் இல்லை. “யூ ஹேவன்ட் காப்பீட் தி ஓல்ட் ஃபோல்டர் யெட்?” என்று என் சக ஊழியர் கேட்கிறார். நான் “யெஸ்” என்கிறேன். அவர் “ஓகே, கிரேட்” என்கிறார். பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுகிறது. எல்லாம் சேர்ந்து ஐந்து விநாடி இருக்கும். அந்த ஐந்து விநாடியை எத்தனை தடவை ஓட்டிக் கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை.

விஷயம் இதுதான். பழைய சர்வரிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தோம். நகல் எடுக்கும் வேலை என்னுடையது, எடுத்து முடித்தபின் பழையதைத் துடைத்துவிடும் வேலை அவருடையது. அவர் வேறு நாட்டில் இருக்கிறார், ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி. அன்றைக்கு நான் நகல் எடுத்திருக்கவில்லை. அதைத்தான் அவர் கேட்டார், அதைத்தான் நானும் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போனேன். காலையில் எழுந்து பார்த்தால் பழைய ஃபோல்டர் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. மூன்று வாரமாக நாலு பேர் உட்கார்ந்து எழுதிய திருத்தக் குறிப்புகள் அதற்குள் இருந்தன. ஆளுக்கொரு கணினியில் அங்கங்கே கிடந்த துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க முழுசாக இரண்டு நாள் ஆனது. கொஞ்சம் திரும்பி வரவேயில்லை.

அப்புறம் வழக்கம்போல ஒரு விசாரணைக் கூட்டம். யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை என்று ஆரம்பிப்பார்களே, அந்த மாதிரி. பதிவை ஓட்டினார்கள். “யெஸ்” வந்த இடத்தில் நிறுத்தினார்கள். “நகல் எடுக்காமலே ஏன் யெஸ் சொன்னீர்கள்?” என்று கேட்டார் மேலாளர். நான் கொஞ்சமும் யோசிக்காமல், “நகல் எடுக்கவில்லை, அதனால்தான் யெஸ் சொன்னேன்” என்றேன்.

ஒரு கணம் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். யாரோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே மைக்கை அணைத்தார். நான் எல்லோர் முகத்தையும் பார்த்தேன். நான் ஏதோ ஜோக் அடித்ததாகச் சிலர் நினைத்தார்கள், சமாளிக்கிறேன் என்று மீதிப்பேர் நினைத்தார்கள். என் பதிலில் என்ன கோளாறு என்று எனக்கு அந்த நிமிடத்தில் நிஜமாகவே விளங்கவில்லை. அவர் “எடுக்கவில்லையா” என்றார், நான் “ஆமாம்” என்றேன். இதற்குமேல் எப்படித் தெளிவாகச் சொல்வது?

என்னைக் குடைந்ததும் அதுதான். பத்துப் பன்னிரண்டு வருடமாக என் ஆங்கிலத்தோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். எங்கே ‘எ’ வரும், எங்கே ‘தி’ வரும், எந்த வினைக்கு எந்த முன்னிடைச்சொல், மூன்றாம் நபருக்கு மறக்காமல் ஒட்ட வேண்டிய ‘ஸ்’ என்று எத்தனையோ கவலைகள். ஒரு மின்னஞ்சலை அனுப்புமுன் நாலு தடவை படித்துப் பார்ப்பேன். அந்தக் கவலைகளில் எது தப்பிப் போனபோதும் யாருக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை. ‘ஹி கோ’ என்று எழுதினாலும் அவன் போகிறான் என்று எதிராளிக்குப் புரிந்துவிடும். கடைசியில் காலை வாரியது, ஆங்கிலம் கற்ற முதல் நாளே தெரிந்துகொண்ட ஒரு சொல். இலக்கணப் பிழை இல்லை, உச்சரிப்புப் பிழை இல்லை. எந்த ஆசிரியரும் சிவப்பு மையில் சுழித்திருக்க முடியாது.

எதற்கு ஆமாம்?

வீட்டில் அம்மா, “என்னடா, இன்னும் மாத்திரை போடலையே நீ?” என்று கேட்டால், “ஆமாம்மா, போடணும்” என்கிறேன். போடவில்லை என்று அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. அதையே “மாத்திரை போடலையா?” என்று கேட்டால், “இல்லை, போடலை” என்றும் சொல்வேன், “ஆமாம், போடலை” என்றும் சொல்வேன். கேட்பவர் தெரியாமல் கேட்கிறாரா, தெரிந்துகொண்டே உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்கிறாரா என்பது குரலிலேயே இருக்கும், அதற்கு ஏற்றபடி பதிலும் வரும். இதை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை.

நம் ‘ஆமாம்’ எதிரில் இருப்பவர் சொன்னதைப் பார்த்துத் தலையாட்டுகிறது. நீ சொன்னது அப்படியே, நீ நினைத்தது சரி என்று சொல்கிறது. அந்தச் சொல்லே அப்படிப்பட்டதுதான். ஆகும் என்பது ஆம் என்று சுருங்கி, இரண்டு தடவை அடுக்கி ஆமாம் என்று நிற்கிறது. அவர் “எடுக்கவில்லை” என்றால், எடுக்கவில்லை என்பதற்கு ஆம். ஆங்கில ‘யெஸ்’ கேட்டவரைப் பார்ப்பதில்லை, நடந்த காரியத்தைப் பார்க்கிறது. நகல் எடுத்தாயிற்று என்றால் யெஸ், எடுக்கவில்லை என்றால் நோ. கேள்வியை நேராகக் கேட்டாலும் சரி, எதிர்மறையாகத் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் சரி, பதில் மாறாது. நான் அவருக்குத் தலையாட்டினேன். அவர் ஃபோல்டருக்குத் தலையாட்டியதாக எடுத்துக்கொண்டார்.

இது நம் தனிக் குறை என்று முதலில் வெட்கப்பட்டேன். தேடிப் பார்த்தபோது துணைக்கு ஆட்கள் கிடைத்தார்கள். ஜப்பானியர்களின் ‘ஹாய்’ நம் ஆமாம் மாதிரியேதான் வேலை செய்கிறது. கொரிய மொழியும் அப்படி, சீன மொழியும் பெரும்பாலும் அப்படி. ஒரு பெருங்கூட்டமே ஆங்கிலக் கூட்டங்களில் உட்கார்ந்து எதிர்மறைக் கேள்விக்கு யெஸ் சொல்லிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவர் ‘கிரேட்’ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நாலு சொல் இருந்த காலம்

இன்னொன்றும் தெரியவந்தது. ஆங்கிலத்திடம் இந்தச் சிக்கலுக்கு ஒரு மருந்து இருந்திருக்கிறது. தானே அதைத் தொலைத்துவிட்டது.

பழைய ஆங்கிலேயர்களுக்கு இரண்டுக்குப் பதில் நாலு சொல் இருந்தது: யே, நே, யெஸ், நோ. நேராகக் கேட்ட கேள்விக்கு யே அல்லது நே. எதிர்மறையாகக் கேட்ட கேள்விக்கு யெஸ் அல்லது நோ. ‘வந்தானா?’ என்றால் யே, வந்தான். ‘வரவில்லையா?’ என்றால் யெஸ், நீ நினைப்பது தப்பு, வந்தான். அதாவது யெஸ் என்பது பிறந்ததே என் சிக்கலைத் தீர்ப்பதற்குத்தான். பிரெஞ்சுக்காரர்களிடம் ‘சி’, ஜெர்மானியர்களிடம் ‘டோக்’ என்று அந்த வேலைக்கான சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் யெஸ் வளர்ந்து யே இருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. நோ அதே மாதிரி நேயை வெளியே தள்ளியது.

16ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. வில்லியம் டின்டேல் பைபிளின் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். யோவான் நற்செய்தியில் “நீர் தீர்க்கதரிசியா?” என்று கேட்கும் இடத்தில் பதிலாக ‘நோ’ போட்டுவிட்டார். கேள்வி நேரானது, அதனால் ‘நே’ வந்திருக்க வேண்டும். அவருடைய பரம எதிரி தாமஸ் மோர் விடுவாரா? 1532இல் எழுதிய மறுப்பில் இதையும் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தில் நேக்கும் நோவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் வேதத்தை மொழிபெயர்க்கலாமா என்று போட்டுத் தாக்கினார். எடுத்துக்காட்டு கூட அவர் பாணியில்தான்: வேதத்தை மொழிபெயர்க்க ஒரு மதவிரோதி தகுதியானவனா என்று கேட்டால் நே சொல்ல வேண்டும், தகுதியானவன் இல்லையா என்று கேட்டால் நோ சொல்ல வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எடுத்துக்காட்டுகளைச் சரியாகக் கொடுத்த மோர், விதியைச் சொல்லும்போது தலைகீழாகச் சொல்லிவிட்டார். அடுத்தவர் தப்பைச் சுட்டிக்காட்டும் பத்தியிலேயே அவருக்கும் இடறிவிட்டது. அதை மேற்கோள் காட்டிய பெரிய மொழியறிஞர்கள் சிலருக்கே அது கண்ணில் படவில்லை, 19ஆம் நூற்றாண்டில்தான் ஒருவர் கவனித்துச் சொன்னார். படித்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? ஆங்கிலத்தின் அந்தக் காலப் பெரும்புலவருக்கே எதிர்மறைக் கேள்வி தலைசுற்ற வைத்திருக்கிறது. பாவம், அந்த இருவருக்கும் முடிவு நல்லபடியாக இல்லை. மோரை 1535இல் தலை வெட்டினார்கள், டின்டேலை 1536இல் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். நே, நோ காரணமில்லை, மதமும் அரசனும்தான்.

ஓடுபாதையில் ஒரு கேள்வி

தகவல் தெளிவைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் கடைசியில் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் நடந்த விமான விபத்துக்கு வந்துவிடுவார்கள். நானும் வந்தேன். 1977 மார்ச் 27, மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747. டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் விமானம் புறப்படும் நிலையில் ஒரு முனையில் நிற்கிறது, அமெரிக்க நிறுவனமான பான் ஆமின் விமானம் அதே பாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. மோதியதில் 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளில் இன்றுவரை அதுதான் ஆகப் பெரியது.

எல்லோரும் குறிப்பிடும் வாக்கியம் கேஎல்எம் துணை விமானி சொன்னது: “வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்.” புறப்படும் இடத்தில் தயாராக நிற்கிறோம் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். நிஜத்தில் விமானம் ஓட ஆரம்பித்திருந்தது. டச்சு மொழியில் ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதை, அந்தக் காரியத்தில் இருக்கிறோம் என்கிற மாதிரி சொல்லும் வழக்கு உண்டு. அதுதான் அவருடைய ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். என் யெஸ்ஸுக்குள் ஆமாம் உட்கார்ந்திருந்த மாதிரி. கட்டுப்பாட்டாளர் பதிலுக்கு “ஓகே” என்றார். ஒரு சின்ன இடைவெளிக்குப் பிறகு, புறப்படக் காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்றார். அதே நேரத்தில் நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் ஆம் விமானிகள் சொன்னார்கள். இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதியதால் கேஎல்எம் அறையில் பெரும்பகுதி கிறீச்சொலியாகத்தான் கேட்டது.

இதுவரை எனக்கு முன்பே தெரியும். தெரியாமலிருந்தது அடுத்த சில விநாடி. கேஎல்எம் அறைக்குள் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளருக்கு ஏதோ உறுத்தியது. தன் கேப்டனிடம் டச்சில் கேட்டார்: அந்த பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா? என் தலைவிதியை எழுதிய அதே வகைக் கேள்வி, எதிர்மறைக் கேள்வி. கேப்டன் சொன்ன பதில் ஒரே சொல்: “யாவெல்.”

டச்சு மொழியில் யாவெல் என்பது ஆங்கிலம் தொலைத்துவிட்ட அந்தப் பழைய யெஸ். எதிர்மறைக் கேள்வியை மறுத்து, இல்லையில்லை, விலகிவிட்டது என்று சொல்லும் சொல். இரண்டு அர்த்தத்துக்கு அதில் இடமே கிடையாது. கேட்டவரும் சொன்னவரும் ஒரே தாய்மொழிக்காரர்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பழுக்கில்லாத தெளிவோடு சொல்லப்பட்ட அந்தச் சொல் தப்பாக இருந்தது. பொறியாளர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இதைப் படித்தபிறகு எனக்கு ஒரு வாரம் என்னவோ போலிருந்தது. அதுவரை நான் கட்டி வைத்திருந்த வாதம், நாலு சொல் இருந்திருந்தால் என் ஃபோல்டர் பிழைத்திருக்கும் என்பது. யாவெல் அந்த வாதத்தைக் கவிழ்த்துவிட்டது. சரியான ஒற்றைச் சொல் கையில் இருந்தபோதும் அது கேள்வியை மூடித்தான் வைத்தது. பார்க்கச் சொல்லவில்லை. என் விஷயத்திலும் அவருடைய ‘கிரேட்’ கேள்வியை மூடியது. நகல் எடுக்காதவனைப் பார்த்து ஏன் ஒருவர் கிரேட் என்கிறார் என்று நான் அரை விநாடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கவில்லை, தூக்கம் வந்துவிட்டது.

அந்த விபத்துக்குப் பிறகு விமானிகளின் பேச்சு இறுக்கப்பட்டது. டேக்-ஆஃப் என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் உச்சரிக்க வேண்டும், மற்ற நேரத்தில் டிபார்ச்சர் என்றுதான் சொல்ல வேண்டும். யெஸ்ஸுக்குப் பதில் அஃபர்ம், நோவுக்குப் பதில் நெகட்டிவ். எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது திருப்பிச் சொல்லும் வழக்கம். கொடுத்த அனுமதியை விமானி தன் வாயால் முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓகே என்றோ சரி என்றோ சொல்லித் தப்பிக்க முடியாது.

செய்வேன், செய்யேன்

என் யெஸ்ஸுக்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் ரொம்பச் சாதாரணமானது. கேள்வி எப்படி வந்தாலும் யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு வினையைச் சொல்கிறேன். “நாட் காப்பீட்.” “காப்பீட் அட் நைன்.” ஆரம்பத்தில் கொஞ்சம் முரட்டுத்தனமாக, தந்தி அடிக்கிற மாதிரி இருந்தது. எதிரில் இருப்பவர்கள் முறைத்துக்கொள்வார்களோ என்று பயந்தேன். ஒருவரும் கண்டுகொள்ளவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது, இது வைத்தியமே இல்லை, என் சொந்தச் சரக்கு. “வந்தாயா?” என்றால் நாம் “வந்தேன்” என்கிறோம். “போவாயா?” என்றால் “போவேன்” அல்லது “போகமாட்டேன்”. ஆமாம், இல்லை என்பது நம் பேச்சில் பல நேரம் ஒட்டுச்சதை. வினை தன்னிலேயே யார், எப்போது, உண்டா இல்லையா எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்துவிடுகிறது. ஐரிஷ் மொழிக்காரர்களும் வினையைத் திருப்பிச் சொல்லியே பதில் தருகிறார்கள், யெஸ்ஸுக்கென்று அவர்களிடம் தனிச்சொல் கிடையாது. பள்ளியில் நன்னூல் சொல்லும் எட்டு வகை விடைகளை மனப்பாடம் செய்தோமே: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. மதிப்பெண்ணுக்காக ஒப்பித்துவிட்டு மறந்தது. இப்போது எடுத்துப் பார்த்தால் நேர்விடைக்குக் கொடுக்கும் எடுத்துக்காட்டு: இது செய்வாயா? செய்வேன். மறைவிடைக்கு: செய்யேன். ‘ஆம்’ என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தும் எடுத்துக்காட்டு அங்கே இல்லை. ஆமாம் என்ற தமிழ்ச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டேன். ‘செய்யேன்’ என்ற தமிழ் வழக்கத்தைக் கொண்டுபோயிருந்தால் மாட்டியிருக்கமாட்டேன்.

மென்பொருள் வடிவமைக்கிறவர்களும் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஒரு பெட்டி எழும்பி, “இந்தப் பதிவை ரத்து செய்யலாமா?” என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்: ஓகே, கேன்சல். ரத்து செய்ய ஓகேயை அழுத்துவதா, ரத்து என்றே எழுதியிருக்கும் பொத்தானை அழுத்துவதா? இதில் மாட்டாத ஆள் யாராவது உண்டா? அதனால்தான் பொத்தானில் வினையையே எழுதச் சொல்கிறார்கள். அழி, சேமி, சேமிக்காதே. கேள்வியைச் சரியாகப் படிக்காமல் அழுத்தினாலும் என்ன நடக்கும் என்பது பொத்தானிலேயே இருக்கும். எதிரே இருப்பவர் கேள்வியைச் சரியாகப் படித்திருக்கமாட்டார் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுவது எனக்கு இப்போது பழகிவிட்டது. கொஞ்சம் அவநம்பிக்கைதான். ஆனால் எதிராளியின் கவனத்தை நம்பி எழுதிய மின்னஞ்சல்களைவிட இவை சீக்கிரம் வேலையை முடிக்கின்றன.

அந்தச் சக ஊழியரோடு இப்போதும்தான் வேலை செய்கிறேன். அவரும் எதிர்மறையில் கேட்பதைக் குறைத்துக்கொண்டார், தெரிந்து செய்கிறாரா பழக்கத்தில் வந்ததா என்று நான் கேட்டதில்லை. போன மாதம் எங்கள் குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தார், கூச்ச சுபாவம். இரண்டாவது கூட்டத்தில் அவர் பக்கத்து வேலை எதுவரை வந்திருக்கிறது என்று போய்க்கொண்டிருந்தபோது மேலாளர் சாதாரணமாக, “யூ ஹேவன்ட் சென்ட் தி ரிப்போர்ட் யெட்?” என்று கேட்டார். அவர் “யெஸ்” என்றார். நானும் அந்தச் சக ஊழியரும் ஒரே நேரத்தில் குறுக்கே பாய்ந்து, “யெஸ் என்றால்?” என்று கேட்டோம். இரண்டு பேர் ஒன்றாகக் கத்தியதில் அவர் அரண்டுபோய், “சாரி, நோ” என்றார். அப்புறம் அவரை ஒருவழியாக ஆசுவாசப்படுத்தி, முழு வாக்கியமாகச் சொல்ல வைக்க ஐந்து நிமிடம் ஆனது.

அனுப்பியிருக்கவில்லை.